அசுவினி பிறக்கும் வரை

பாப்பா,

கெடிலம் தொட்டுக் கொள்ளிடம் வரை விரிந்து கிடக்கும் பூமியில் கட்டப்பட்ட அத்தனை பந்தல்களுக்கும் சக்கரவர்த்தி, புயலே வந்தாலும் 'ஓரமா போ' என்று அதட்டும் சாமியானாக்களின் அதிபதி, உன் அம்மாவின் அபிப்பிராயத்தில் வெறும் வாயாடி, ஆகிய உன் அப்பா எழுதுவது. நேற்று போனில் கேட்டாய்: "சிதம்பரத்துல எங்க ஆபீசுல வீடில்லாதவங்களுக்கு வாடகை உதவித் திட்டம் ஒன்னு கொண்டுவர்றோம்ப்பா. எழுதற வேலை என் தலையில விழுந்துருக்கு. உங்க கமிட்டிய எப்படி நடத்துனீங்கன்னு கொஞ்சம் எழுதி அனுப்புங்க, அளப்பு இல்லாம." அளப்பில்லாமல் என்னை எழுதச் சொல்வது, வங்கக் கடலை உப்பு நீக்கி ஒரு சொம்பில் அனுப்பச் சொல்வது மாதிரி. இருந்தாலும் முயன்று பார்க்கிறேன். நீ கேட்டது ஒரு பக்கம். இது நீண்டுதான் போகும். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. உன்னோடு உட்கார்ந்து அந்தத் திட்டத்தை எழுதப்போகிறவர்களுக்கும் படித்துக் காட்டு. அவர்கள் முன்னால் என் மானம் போனால் போகட்டும்.

முதலில் தனத்தைப் பற்றி. நம் பந்தல் போகிற மண்டபங்களில் பாத்திரம் தேய்க்க வருவாளே, புடவையை முழங்காலுக்கு வரிந்து கட்டிக்கொண்டு தலைமைச் சமையல்காரரையே அதட்டுவாளே, அவள்தான். அவள் ஒரு சத்தம் போட்டால் அண்டாக்கள் தாமாகவே உருண்டு போய்க் குழாயடியில் வரிசை கட்டும். பல வருஷமாக எனக்குத் தெரிந்தவள். வேலை முடிந்தால் எங்கே போகிறாள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. ஒரு முகூர்த்தம் முடிந்த மத்தியானம் நல்ல மழை. நம் வண்டி திருப்பாதிரிப்புலியூர் வழியாகத்தான் போகிறது, ஏறிக்கோ என்றேன்.

"எங்கம்மா எறக்கி வுடறது?"

"ரயிலடிக்குப் போற செவுரு ஓரமா நிறுத்துங்க மாமா."

"அங்க யாரு வூடு?"

"எங்க வூடுதான்."

சுவரில் ஆணியடித்துக் கட்டிய நீலத் தார்ப்பாய். அடியில் அவள் புருஷன் ஏழுமலை, துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்து நெஞ்சு போய் உட்கார்ந்துவிட்டவர். பள்ளிக்கூட உடுப்போடு இரண்டு பெண்கள். வாடகை பாக்கியில் வீடு போய், பிறகு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாமல் அப்படியே அங்கே தங்கிப்போன குடும்பம். பக்கத்தில் அதே மாதிரி இன்னும் சில குடும்பங்கள். பாப்பா, ஊரார் அரை நாள் உட்கார்ந்து பாயசம் குடிப்பதற்காகவே ஆயுசு முழுக்க நிழல் கட்டியவன் உன் அப்பன். அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கி அந்தத் தார்ப்பாயின் முடிச்சைத்தான் முதலில் பார்த்தேன். நல்ல முடிச்சு. நம் பையன்கள் போடுவதைவிட நல்ல முடிச்சு. அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பேச்சே வரவில்லை. சரித்திரத்தில் பதிய வேண்டிய சம்பவம் என்று உன் அம்மா அதைக் கிண்டல் செய்தாள்.

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் கமிட்டி. கமிட்டி என்றால் நானும் சவரிமுத்து சாரும். உனக்குத் தெரியும், கோயில் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறவர். விதிகள் அவருடையவை, கூச்சல் என்னுடையது. கடைக்காரர்களிடம் மாதா மாதம் கேட்டு வாங்கினோம். சுவரோரக் குடும்பங்களுக்கு வீட்டு வாடகையில் ஒரு பங்கைக் கொடுக்கும் சக்தி இருந்தது, மிச்சப் பங்கைக் கமிட்டி போட்டது. அட்வான்ஸையும் கமிட்டியே கட்டியது. ஆனால் பணம் இல்லாதது பாதி கஷ்டம்தான் என்று சீக்கிரமே புரிந்தது. வீட்டுக்காரர் முதலில் 'எந்த ஊரு' என்பார், அதற்குப் பதில் உண்டு. அடுத்து 'இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தீங்க' என்பார். அங்கேதான் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் நாங்கள் போய் நின்றுகொண்டோம். 'எங்க ஆளுங்க, நாங்க பொறுப்பு.' எங்கள் பங்கை மாதம் பிறந்ததும் சவரிமுத்து சாரே நடந்து போய் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பங்கு கொஞ்சம் குறையும், குடும்பத்தின் பங்கு கொஞ்சம் ஏறும். இதையெல்லாம் நீ எடுத்துக்கொள்ளலாம். நன்றாகவே நடந்தது.

நான் செய்த கோமாளித்தனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. முதல் குடும்பத்தை மாலை போட்டு, மைக் வைத்து, 'வரலாறு காணாத வாடகைப் பெருவிழா' என்று முழங்கிக்கொண்டு போய்க் குடியேற்றினேன். மறுநாளே தெரு முழுக்க 'ரோட்ல கெடந்தவங்களாம்' என்று பரவி, பொதுக்குழாயில் அந்த அம்மாளைக் குடம் வைக்க விடவில்லை. சவரிமுத்து சார் என் மைக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

தனத்துக்கு வீடு கிடைத்தது ஆடி மாதத்தில். ஜெயபால் என்று ஒரு ரிட்டயர்டு கண்டக்டர், தன் வீட்டுப் பின்கட்டைக் கொடுக்கச் சம்மதித்தார். சாவியைக் கொண்டுபோய் நீட்டினால் தனம் வாங்க மாட்டேன் என்கிறாள். ஆவணி பிறக்கட்டுமாம். சவரிமுத்து சார் ஆடிப்போய்விட்டார்.

"ஏம்மா, தெருவுல இருக்கறவங்களுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?"

"தெருவுன்னா எந்த மாசமும் இருக்கலாம் சார். வூடுன்னா மாசம் பாக்கணும்."

நாங்கள் சிரித்தோம். வீடு என்றால் சுவரும் கூரையும் என்று நினைத்திருந்த மேதாவிகள் நாங்கள். வீட்டோடு மாதமும் நாளும் நட்சத்திரமும் சேர்ந்துதான் குடிவரும் என்று அவள் சொன்னதைக் கேட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆவணியில் பால் காய்ச்சினார்கள். ஏழுமலை அன்று முழுக்கக் கதவுத் தாழ்ப்பாளைப் போடுவதும் திறப்பதுமாக இருந்தார். "இன்னா ஏழுமல, தாழ்ப்பாள் தேஞ்சிடப் போவுது" என்றேன். "தேயட்டும் மாமா, நம்ம தாழ்ப்பாதான?" என்றார்.

சவரிமுத்து சார் எழுதிய விதிகளில் ஒன்று: குடும்பம் வீட்டில் இருக்கும் வரைக்கும்தான் கமிட்டி வாடகை தரும், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் தராது. காலி வீட்டைக் காட்டி யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று. நியாயமான விதி. நான்தான் எழுந்து நின்று கைதட்டினேன். உன் திட்டத்திலும் யாராவது இதை எழுதச் சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். அப்போது இனி நான் எழுதுவதை நினைத்துக்கொள்.

தை மாதத்தில் ஏழுமலைக்கு முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும்தான். அப்படியும் ஆட்டோவில் வரும்போது என் தொடையைத் தட்டித் தட்டிச் சொல்கிறார்: "டாக்டரு வூட்டுக்குப் போன்னாரு மாமா. போறதுக்கு நமக்கு வூடு இருக்குது பாத்தியா!" வந்ததும் கட்டிலைக் கதவைப் பார்க்கப் போடச் சொன்னார். அவருக்கு இருந்த ஒரே ஆசை அங்கேயே கண்ணை மூட வேண்டும் என்பதுதான். அதை வாய்விட்டும் சொன்னார்.

சில நாளில் ஜெயபால் நம் கடைக்கு வந்தார். கையில் தினசரி காலண்டர், சுவரிலிருந்து கழற்றி அப்படியே கொண்டு வந்திருக்கிறார்.

"மச்சான், புதன்கெழமையிலேர்ந்து அவிட்டம்."

"அதுக்கு?"

"வெளையாடாத மச்சான். அடைப்பு உனக்குத் தெரியாதா?"

உன் ஆபீசில் தெரியாதவர்கள் இருக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். அவிட்டத்திலிருந்து ரேவதி வரைக்கும் வரிசையாக வரும் ஐந்து நட்சத்திரங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டை ஆறு மாசம் அடைத்து வைக்க வேண்டும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. யாரும் குடியிருக்கக் கூடாது. "நீ இதெல்லாம் நம்பறியா?" என்றேன். "நான் நம்பல மச்சான். குடி வர்றவன் நம்பறானே. ஆறு மாசம் தனம் புள்ளைங்கள கூட்டிக்கினு வெளிய போயிடும். உன் கமிட்டி பூட்டுன வூட்டுக்கு வாடக தராது. அதுக்கப்புறமும் அடைப்பு வுழுந்த வூடுன்னு ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான். எனக்கும் என் சம்சாரத்துக்கும் மருந்து மாத்திரயே அந்தப் பின்கட்டு வாடகையிலதான்" என்றார். கெட்டவர் இல்லை, பாப்பா. ஏழுமலைக்குத் தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர் சம்சாரம்தான்.

அப்போது இந்தப் பந்தல் சக்கரவர்த்தி ஒரு தீர்ப்பு வழங்கினார். விக்கிரமாதித்தன் சிம்மாசனமே எனக்குக் கீழே முளைத்துவிட்டதாக நினைப்பு. அவிட்டம் பிறப்பதற்கு முன் ஏழுமலையை வெளியே வைத்துவிடுவது, ஐந்தும் கழிந்து அசுவினி பிறந்ததும் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது. ஜெயபாலுக்கு வீடு பிழைக்கும், தனத்துக்கும் வீடு பிழைக்கும். சவரிமுத்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்றதற்கு ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். தனம் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "பொம்பளப் புள்ளைங்க வயசுக்கு வர்ற நேரம் மாமா. திரும்பத் தெருவுக்குப் போவ முடியாது" என்றாள். பிறகு அவளே, "செவுரு ஓரமே போட்டுடலாம். அவுருக்குப் பழகின எடம், நம்ம ஆளுங்களும் இருக்காங்க" என்றாள்.

ஏழுமலையிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு. நான் வேறெப்படிச் சொல்வேன்? "ஏழுமல, ஒங்களுக்கு அரசாங்க மரியாதையோட ஒரு சுற்றுலா ஏற்பாடாயிருக்கு" என்று ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"அசுவினி எப்ப பொறக்குது மாமா?"

"திங்கக்கெழம விடிஞ்சா."

"அதுவரிக்கும் புடிச்சிக்கறேன்."

நீ இப்போது ஒன்று கேட்பாய். உன் அம்மா அன்றே கேட்டாள். "நம்ம பின்னாடி ரூம் சும்மாதான கெடக்கு? இங்க கொண்டாந்து படுக்க வைங்களேன்." நம் வீடு சொந்த வீடு. வாடகைக்கு வர யாரும் இல்லை, அடைப்பு விழுந்தால் பட்டினி கிடக்கவும் யாரும் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நிச்சயதார்த்தம். வாசலில் நம் கடையிலேயே உசத்தியான பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டார் வரும் வீட்டில் சாகக் கிடக்கிறவரை வைப்பார்களா என்று உன் அம்மாவை அதட்டினேன். ஜெயபால் காலண்டரைப் பார்த்தார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேனே, நானும் அதே காலண்டரைத்தான் பார்த்தேன். இதை உன் மேல் ஏற்றுவதற்காக எழுதவில்லை. உனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரைக் கொண்டுபோய்ச் சுவரோரம் கட்டில் போட்டோம். என்னால் ஆனது, நல்ல சாமியானா ஒன்றை, ஜரிகை வைத்ததை, அவருக்கு மேலே கட்டினேன். கீழே கிடந்தபடி அண்ணாந்து பார்த்து, "கல்யாணம் யாருக்கு மாமா? எனக்கா?" என்றார். சுவரோரத்து ஜனம் மொத்தமும் சிரித்தது. தனமும் சிரித்தாள். வேலைக்குப் போகவில்லை, அவர் தலைமாட்டிலேயே இருந்தாள். அந்த நாட்களில் அவர் கேட்டதெல்லாம் இன்றைக்கு என்ன நட்சத்திரம் என்பது ஒன்றுதான். சதயம் என்றால் தலையாட்டுவார். உத்திரட்டாதி என்றபோது தலையாட்டவும் முடியவில்லை, கண்ணை மூடித் திறந்தார்.

உன் நிச்சயம் நடந்த அன்று ரேவதி. சாவுக்குத்தான் ஆகாதாம், சுபத்துக்கு அமோகமான நட்சத்திரமாம். தாம்பூலம் மாற்றிய கையோடு ஒரு தொன்னையில் கேசரி எடுத்துக்கொண்டு நான் நழுவினேன். திரும்பி வந்தபோது நீ கேட்டாய், நினைவிருக்கிறதா, "எங்கப்பா போனீங்க, பட்டு வேட்டியெல்லாம் மண்ணு?" என்று. நாற்காலி எண்ணப் போனேன் என்றேன். சுவரோரத்தில்தான் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். தனம் கேசரியை விரலால் தொட்டு அவர் நாக்கில் வைத்தாள். "பாப்பாவுக்கு நிச்சயமா? நல்லாருக்கட்டும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நாளைக்கி அசுவினிதான மாமா?" என்றார்.

திங்கட்கிழமை விடியும்போதே அசுவினி பிறந்துவிட்டது. தனத்தின் பெண்கள் பின்கட்டைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். ஜெயபால் சம்சாரம் கஞ்சி வைத்திருந்தாள். நான் ஆட்டோவோடு சுவரடிக்குப் போனேன். அவர் கண் விழித்திருந்தார். தூக்கி ஏற்றியிருந்தால் இரண்டு தெருதான். அன்று திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பித்துவிட்டது. சாகக் கிடக்கிற மனுஷனை வீட்டுக்குள் அழைத்துப் போக ராகுகாலத்திலா என்று எவனும் கேட்கவில்லை. நானே சொன்னேன், "ஒம்போது மணி ஆகட்டும், இவ்வளோ பொறுத்தாச்சு." ஆட்டோ பக்கத்திலேயே நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனார். அவர் வருவதற்குள் ஏழுமலை போய்விட்டார். எந்த அடைப்பும் இல்லாத அசுவினி நட்சத்திரத்தில், தெருவில்.

ஜெயபால் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். "உள்ள கொண்டாங்க, எல்லாரும் புடிங்க, வூட்டுக்குள்ள கொண்டாங்க" என்று கத்தினார். தெருக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். வெளியில் உயிர் போன உடம்பை உள்ளே கொண்டுவரக் கூடாதாம். அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் வழக்கம் இருந்தது, பாப்பா. என் ஜரிகைச் சாமியானாவின் கீழிருந்தே அவரை எடுத்தார்கள்.

பிறகு ஒரு நாள் ஜெயபால் என்னிடம் சொன்னார்: "அடைப்பு வுழுந்தாலும் வாடகைய நாங்க தர்றோம்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தக் காலண்டரப் பாத்திருக்கவே மாட்டேன் மச்சான்." அத்தனை மாச வாடகையும் சேர்ந்தால் உன் நிச்சயத்துச் சாப்பாட்டுச் செலவுக்குக் காணாது. சவரிமுத்து சாரும் நானும் இப்போது விதியை மாற்றியிருக்கிறோம். வீட்டில் சாவு விழுந்து அடைக்க வேண்டி வந்தால் அடைத்திருக்கும் காலம் முழுக்க வாடகை தருவோம், அதுவரை குடும்பத்துக்கு வேறு இடமும் பார்த்துக் கொடுப்போம், பிறகு அதே வீட்டுக்கு அவர்களே திரும்பி வரலாம். வீட்டுக்காரரிடம் இதைக் கடைசியில் சொல்வதில்லை, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம். நீ சிதம்பரத்தில் இதை எழுதச் சொன்னால், நல்ல காரியம் ஆரம்பிக்கும்போது சாவுப் பேச்சு எதற்கு என்பார்கள். மூடநம்பிக்கைக்குப் பொதுப்பணமா என்றும் ஒருவர் கேட்பார், அவர் சொல்வதும் நியாயம்தான். வீட்டுக்காரர்கள் மனம் மாறுகிற நாள் வரட்டும். அதுவரை சாகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்று சொல். ஒருவர் காத்திருந்து பார்த்தார் என்றும் சொல்.

உயிர் பிரிந்த இடத்தில் விளக்கு வைக்கும் வழக்கப்படி, காரியம் முடியும் வரை தனம் தினமும் சாயங்காலம் அந்தச் சுவரோரத்தில் அகல் ஏற்றினாள். லாரி போகிற காற்றில் அணையும், பெண்கள் இரண்டு பேரும் பாவாடையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் ஜெயபால் அங்கே வந்து நின்றார். "வூட்லயே ஏத்தும்மா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். நானே மாடம் வெச்சித் தர்றேன்" என்றார். தனம் கோபப்படவில்லை. திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னாள்:

"அவுரு அங்க சாவலயே சார். அங்க ஏத்துனா அவுருக்கு வழி தெரியாது."

ஜெயபால் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாப்பா, உன் திட்டத்தில் வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும், உயிரோடு இருக்கும்போது தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு வீடு பார்த்துக் கொடு. செத்த பிறகும் வழி தெரிந்து வர அதே வீடு வேண்டும். அதற்கும் சேர்த்து வாடகை கொடுங்கள்.

ஊருக்கெல்லாம் மாமா,
உனக்கு அப்பா.